கர்க்கடகத்து முருங்கை இலை

வசந்தா டாக்டர் இறந்த செய்தி வந்தபோது நான் மழையில் நின்று முருங்கை இலை பறித்துக்கொண்டிருந்தேன். கர்க்கடக மாதத்து மழை. குடை பிடித்தாலும் நனைக்கிற மழை. பேத்தி நிஷா போனைக் கையில் பொத்திக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாச்சி, ஆஸ்பத்திரியில இருந்து கிரேஸி அக்கா விளிச்சாவ. டாக்டரு போயிட்டாவளாம்."

நான் கொம்பை விடவில்லை. பிடித்திருந்த கொத்தை ஒடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அழவில்லை. நான் அழுவேன் என்று நிஷாவும் எதிர்பார்க்கவில்லை.

குழித்துறையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த உங்கள் எல்லோருக்கும் டாக்டரைத் தெரியும். அவருக்கு நீங்கள் வைத்திருந்த பட்டப்பெயரும் தெரியும். முருங்கை டாக்டர். பின்னர் ஆஸ்பத்திரி முற்றத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து சொன்னார்: "சளிக்குப் போனாலும் கேப்பாவ, கர்க்கடகத்துல முருங்க இலை தின்னுவியளான்னு. எனக்கு முருங்க மரமே கிடையாது டாக்டரேன்னேன். அப்ப அடுத்த வீட்டுல பறிப்பியளான்னு கேட்டாவ." துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கும் கிரேஸிக்கும் மட்டும்தான் தெரியும்.

டாக்டருக்கு நினைவு மலர் போடுகிறோம், எழுதித் தாருங்கள் என்று கிரேஸிதான் கேட்டாள். டோக்கன் கொடுத்து, ஊசி போட்டு, டாக்டருக்குச் சோறும் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்.

"எனக்கு நல்லதா எழுத வராது கிரேஸி. படிச்சது அஞ்சாம் வகுப்பு."

"நல்லதா எழுத நிறைய ஆளு இருக்கு. நீங்க உள்ளத எழுதுங்கம்மா."

"உள்ளத எழுதினா அச்சடிப்பியளா?"

"டாக்டரே சொல்லியிருக்காவ. தங்கம்மாகிட்ட கேளு, அவுங்க ஒண்ணையும் மறக்கமாட்டாவன்னு."

ஆமாம், மறக்கமாட்டேன். ஆகவே உள்ளதையே எழுதுகிறேன். டாக்டரைத் தெய்வம் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். என் மகள் சுகந்தியின் சாவில் அவருக்குப் பங்கு உண்டு. அதை அவரும் ஒருபோதும் மறுத்ததில்லை.

சுகந்திக்குச் சிறு வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. மாறிச் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். மண்டைக்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்து, நிஷாவையும் பெற்ற பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. அன்றைய காய்ச்சல் நெஞ்சுக்குள் போய் வால்வைக் கெடுத்துவிட்டது என்றார்கள். திருவனந்தபுரத்தில் நெஞ்சைப் பிளந்து இரும்பு வால்வு வைத்தார்கள். அது ஓடுகிற சத்தம் வெளியே கேட்கும். நிஷா தாயின் மாரில் காதை வைத்துக்கொண்டு, "அம்மைக்க மணி அடிக்கு" என்பாள். அந்த இரும்பில் ரத்தம் கட்டிப் பிடிக்காமலிருக்கச் சாகும்வரை ஒரு மாத்திரை. ரத்தம் போதிய அளவு இளகியிருக்கிறதா என்று மாதாமாதம் சோதனை. அதற்குத்தான் குழித்துறையில் வசந்தா டாக்டரிடம் போனோம்.

அவர் வேலூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்தவர். கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்ட பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே ஆஸ்பத்திரி போட்டவர். கல்யாணம் கிடையாது. அடுப்பு மூட்டியதும் கிடையாது. எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. நாங்கள் முதல் தடவை போனபோது, முன்னால் இருந்த ஒரு கிழவர் "தலை கறங்குது" என்றார். டாக்டர் கிரேஸியைப் பார்த்தார். கிரேஸி விரலைக் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள்.

"சுத்துதா? அப்போ சுத்துதுன்னே சொல்லலாமே பெரியவரே."

"ஊரைத்தான் சுத்தலாம் டாக்டரே. தலை கறங்கத்தான் செய்யும்."

டாக்டர் சிரித்துவிட்டார். தன் வாயால் "கறங்குது, கறங்குது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். கற்றுக்கொள்ள வெட்கப்படாத மனுஷி. அது அவரிடம் இருந்த நல்ல குணம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் சோதனை முடிந்ததும் நான் கேட்டேன்: "டாக்டரே, பிள்ளைக்கு மருந்து பிடிச்சிட்டா?" நம் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். மருந்து பிடித்துவிட்டது என்றால் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"பிடிச்சா பிரயோஜனம் இல்ல தங்கம்மா. விட்டாத்தான் வேலை செய்யும்" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க எந்த பஸ்ல வந்தீங்க?"

"குளச்சல் பஸ்ஸு" என்றாள் சுகந்தி.

"அதுல சீட்டு கிடைச்சவன் எழுந்திரிப்பானா?"

"செத்தாலும் எழும்ப மாட்டான்."

"ரத்தமும் அப்படி ஒரு பஸ்தான். நீ முழுங்கற மாத்திரை குடல் வழியா ரத்தத்துல ஏறுது. ஏறினதும் ரத்தத்துல இருக்கற ஒரு சத்து அதைப் பிடிச்சு உக்கார வச்சிடும். உக்காந்த மருந்து வேலை செய்யாது. சும்மா ஊர் சுத்திட்டு வரும். சீட்டு கிடைக்காம நின்னுட்டு வருது பாரு, அது கொஞ்சூண்டுதான். அதுதான் இறங்கி வேலை செய்யறது. இப்போ நடுவுல ஒரு முரட்டு ஆள் ஏறி, உக்காந்திருக்கறவங்களை எழுப்பி விட்டுட்டான்னு வச்சுக்கோ. வலி மாத்திரையில சிலது அந்த மாதிரி. கடையில வாங்கிப் போட்டா, சும்மா இருந்த மருந்தெல்லாம் எழுந்து நின்னு ஒரே ஸ்டாப்புல இறங்கும். ரத்தம் தண்ணியா ஓடும்."

"குளச்சல் பஸ்ஸுல சீட்டப் பிடுங்கினா அடி விழும் டாக்டரே."

"அதேதான். உள்ளே அடிதான் விழும். அதனால என்ன வலி வந்தாலும் என்னைக் கேக்காம ஒண்ணும் போடாதே."

சுகந்தி வீடு திரும்பும்வரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி, "அம்மா, அந்தா பாரு, வேலை செய்யாத மருந்து" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

இன்னொரு நாள் டாக்டர் என் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கறுத்து வெந்திருந்தது. நான் அண்டி ஆபீசில் அண்டி தல்லிக்கொண்டிருந்த காலம். வறுத்த முந்திரிக் கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கிற வேலை. தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் உரியும். அண்டி ஆபீஸ் என்றால் என்ன, எப்படி உடைப்பீர்கள், ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். ஆள் குறைந்தால் கொட்டை மலைபோலக் குவியும் என்றேன்.

"உங்க ஈரலும் ஒரு அண்டி ஆபீஸ்தான் தங்கம்மா. ரத்தத்துல வர்ற மருந்தையெல்லாம் அங்கதான் தல்லி உடைச்சு வெளியே அனுப்பறாங்க. ஈரல்ல ஆள் குறைஞ்சா மருந்து குவிஞ்சிடும். குவிஞ்சா அதுவே விஷம்."

வேலைக்காரிகள் என்று எங்களைப் பார்த்தவர்கள்தான் அதுவரை அதிகம். என் வேலையை எடுத்து எனக்கே விளக்கம் சொன்ன முதல் ஆள் அவர். அதனால்தான் பின்னால் வந்த கோபமும் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. ஒன்றும் கேட்காத டாக்டரிடம் எனக்கு என்ன கோபம் வரும்? இத்தனையும் கேட்டவர் ஒன்றைக் கேட்காமல் விட்டார்.

இனி முருங்கை இலையின் கதைக்கு வருகிறேன். பச்சை இலை தின்றால் அந்த மாத்திரையின் வேலை குறையும் என்று திருவனந்தபுரத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுகந்திக்கோ முருங்கை இலை இல்லாவிட்டால் சோறு இறங்காது. புருஷன் வீட்டுக் கிணற்றடியில் நல்ல மரம் நின்றது. அவள் டாக்டரிடம் கேட்டேவிட்டாள்.

"இலை ஒரு வாயும் தின்னக்கூடாதா டாக்டரே?"

டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் இல்லாமல் வெளுத்திருந்தது.

"தின்னு. தினமும் தின்னு. ஆனா அளவு மாறக்கூடாது. இன்னைக்கு ஒரு கைப்பிடின்னா நாளைக்கும் ஒரு கைப்பிடி. இலை ரத்தத்தை உறைய வைக்கப் பாக்கும், மாத்திரை இளக வைக்கப் பாக்கும். நீ இலையை மாத்தாதே. மாத்திரையை அதுக்குத் தக்கபடி நான் கூட்டி வைக்கறேன்."

அப்படியே கூட்டி வைத்தார். ஒவ்வொரு மாதமும் சோதனை சரியாக வந்தது. சுகந்தி தேறினாள். கிணற்றில் வெள்ளம் இறைத்தாள், பிள்ளையை இடுப்பில் எடுத்தாள். கன்னம் சிவந்தது. எனக்கு அந்த நாட்களில் டாக்டர் மேல் இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

பிறகு கர்க்கடகம் வந்தது.

கிழக்கே உள்ளவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் ஆடி என்று சொல்வதைத்தான் எங்கள் மேற்குப் பக்கத்தில் கர்க்கடகம் என்போம். அந்த மாதம் முருங்கை இலையை யாரும் தொடமாட்டோம். கிணற்றைச் சுற்றியுள்ள விஷத்தையெல்லாம் முருங்கை வேர் இழுத்து வைத்திருக்கும், கர்க்கடக மழைக்கு அது இலையில் ஏறும் என்று எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கேட்டிருக்கிறோம். பறிக்காதே என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் கை தானே அந்த மரத்தை விட்டு விலகும். சில வீடுகளில் அந்த மாதத்துக்கென்று வேறு இலைகள் பறித்து வேகவைப்பார்கள். சுகந்தி போன வீட்டில் அந்த வழக்கமும் கிடையாது. மழை முடியும்வரை கஞ்சி, சுட்ட கருவாடு, கொள்ளு அரைத்த காணத்துவையல்.

இப்போது உங்களுக்கே விளங்கும். இலைக்குத் தக்கபடி கூட்டி வைத்த மாத்திரை அப்படியே இருந்தது. இலை நின்றுவிட்டது. எல்லோரையும்போல அவளும் தின்னவில்லை. அதை உணவில் ஒரு மாற்றம் என்று அந்த வீட்டில் யாருக்குத் தோன்றும்?

அதோடு நனைந்த துணியைச் சுமந்ததில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவளுடைய மாமியார், நான் மயினி என்று அழைக்கிறவர், தன் முட்டுவலிக்கு வைத்திருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். என்ன வலி வந்தாலும் கேட்காமல் போடாதே என்று டாக்டர் சொன்னது சுகந்திக்குத் தெரியும். ஆனால் மாமியார் கையில் வைத்து நீட்டுகிற மாத்திரையை வேண்டாம் என்று தள்ளுகிற பெண்ணாக நான் அவளை வளர்க்கவில்லை. அந்த வீடும் அப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளாது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்ததாம். கையில் ஊதா நிறத்தில் கன்றிப்போன பாடு விழுந்ததாம். எங்கேயோ இடித்திருக்கும் என்றிருக்கிறாள். ஒரு காலையில் "தலை கறங்குது" என்று அடுக்களையில் உட்கார்ந்தவள், பிறகு "மண்டை பிளக்கு" என்று வாந்தி எடுத்து விழுந்திருக்கிறாள்.

நான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவளுக்கு நினைவு இல்லை. மாரில் காதை வைத்துப் பார்த்தேன். இரும்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தலைக்குள் ரத்தம் நிறைந்துவிட்டது என்றார்கள். கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாக வைத்த இரும்பு கடைசிவரை கெடவில்லை. அவள்தான் போய்விட்டாள்.

துக்க வீட்டுக்கு டாக்டர் வந்தார். மழைக்குக் கட்டிய டார்ப்பாய்க்குக் கீழே பெண்கள் எல்லோரும் இருந்தோம். கிரேஸி குடை பிடித்துக் கூட்டிவந்தாள். டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்காராமல் மயினியிடம் போய்க் கேட்டார்.

"மாத்திரை சரியாத்தானே போட்டா?"

"ஒரு நாளு தப்ப மாட்டா."

"கீரை? தினமும் முருங்கைக்கீரை தின்னுட்டுதானே இருந்தா?"

மயினி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "கர்க்கடகத்துலயா? நல்லா இருக்கே. ஆராவது தின்னுவாவளா? விஷம்லா?"

"கர்க்கடகம்னா?"

"ஆடியாக்கும் டாக்டரே" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

டாக்டர் கிரேஸியின் முகத்தைப் பார்த்தார். கிறிஸ்தவப் பெண்ணான கிரேஸி, "எங்க வேதக்கார வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டோம் டாக்டரே. நாங்க தின்னுவோம்" என்றாள்.

டாக்டர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"போன தடவை வந்தப்போ, ஆடி வருது, இனிமே உனக்குக் கொண்டாட்டம்தான்னு சொன்னேன். எங்க ஊர்ல ஆடின்னா கூழும் முருங்கைக்கீரையும்தான். சரி டாக்டரேன்னு சிரிச்சா. ஏன் சிரிக்கறன்னு நான் கேக்கல."

என் பிள்ளையின் அந்தச் சிரிப்பை நான் அப்போதே கண்ணில் கண்டேன். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்று சிரித்திருப்பாள். டாக்டரைத் திருத்துவது மரியாதை இல்லை என்று வாயை மூடியிருப்பாள்.

நான் எழுந்து கத்தினேன். "எனக்க கையில கறை என்னான்னு கேட்டீய. பஸ்ஸ கேட்டீய. அண்டி ஆபீஸ கேட்டீய. கர்க்கடகத்துல என்ன தின்னுவியன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்க பிள்ள இருந்திருப்பாளே!"

என் அண்ணன் என் தோளை அழுத்தினான். "தங்கம், ஆருகிட்ட என்ன பேசுக? டாக்டரப் போயி..."

"தடுக்காதீங்க" என்றார் டாக்டர். "அவங்க சொல்றது சரி."

எல்லாம் விதி என்று அண்ணன் சொன்னான். பூசாரி சொன்னார். மயினி அதற்கும் மேலே போய், "இரும்பு வச்ச நெஞ்சு எம்புட்டு காலம் ஓடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அந்த வீட்டில் நான் ஒரு வாய் வெள்ளம் குடித்ததில்லை, குடிக்கப்போவதும் இல்லை. விதி என்று சொல்லாதவர் அந்தப் பந்தலில் டாக்டர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு பல வருஷம் நான் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. நிஷாவை என்னிடம் கொண்டுவந்து வளர்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் வேறு டாக்டரிடம்தான் போவோம். சந்தையில் எதிரே வந்தால் டாக்டர் நிற்பார். நான் நிற்கமாட்டேன். அவரும் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்தக் கேள்வியைப் பற்றிக் கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தேன். யாரோ சந்தையில் சொல்லிச் சிரிப்பார்கள். கர்க்கடகத்தில் முருங்கை இலை உண்டா என்று அந்த டாக்டர் எல்லோரையும் கேட்கிறாராம். நோன்பு பிடிக்கிறவர்களிடம் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எந்த மாத்திரை, நோன்பு திறந்த பின் எந்த மாத்திரை என்று கேட்கிறாராம். கோயில் கொடை விழாவுக்கு விரதம் இருப்பீர்களா, அப்போது எதை நிறுத்துவீர்கள் என்று கேட்கிறாராம். "டாக்டருக்குக் கிறுக்கு பிடிச்சிட்டு" என்றார்கள். நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

வயதான பிறகு என் நெஞ்சும் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கியது. ஒரு பக்கத்துக் கை கொஞ்ச நேரம் மரத்துப்போய்த் திரும்பி வந்தது. நாகர்கோவிலில் சோதித்துவிட்டு, இதயத்தில் ரத்தம் கட்டிவிடும், மாத்திரை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நிஷா வாங்கி வந்தாள். பார்த்தேன். சுகந்தி தின்ற அதே மாத்திரை.

என்னிடம் காரணம் கேட்காதவர்கள் இல்லை: ஏன் மறுபடியும் அவரிடமே போனாய்? பதில் எளிது. அவர் அந்த மருந்தைப் படித்தது பட்டணத்துக் காலேஜில் பாதி, என் மகளின் உடம்பில் பாதி. அந்தப் படிப்புக்கு நான்தான் பெரிய விலை கொடுத்தேன். அதன் பலனை ஊரெல்லாம் அனுபவிக்கும்போது நான் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

உள்ளே போனதும் டாக்டர் எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. கிரேஸி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். நான் மாத்திரை அட்டையை மேசையில் வைத்தேன்.

"நான் எல்லாத்தையும் மறந்திட்டேன்னு நெனைக்காதீங்க."

"நினைக்கல."

"அப்ப கேளுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கேட்டார்.

"கர்க்கடகத்துல முருங்கை இலை தின்னுவியளா தங்கம்மா?"

எங்கள் பேச்சிலேயே கேட்டார். வேலூர்க்காரி வாயில் 'தின்னுவியளா' வந்தது.

"எது சொன்னா நான் சாகமாட்டேன்?"

"எதுவா இருந்தாலும் சரி. வருஷம் முழுக்கத் தின்னா ஆடியிலயும் தின்னுங்க. முடியாதுன்னா ஆடி பிறக்கறதுக்கு முன்னாடியே வாங்க. ரத்தத்தைப் பாத்துப் பாத்து மாத்திரையைக் குறைக்கறேன். என்கிட்ட சொல்லாம மட்டும் நிறுத்தாதீங்க."

"தின்னுவேன்" என்றேன். கர்க்கடகத்தில் முருங்கை இலை தின்கிற ஒருத்தி எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. அந்த வருஷம் பறித்தேன். வேகவைத்து வாயில் வைத்தபோது நிஷா பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். கசக்கவில்லை. எல்லா மாதத்தையும்போலத்தான் இருந்தது. அதை விழுங்கியபோது வந்த ஆத்திரத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு கைப்பிடி இலை. இவ்வளவுதான்.

டாக்டர் படுக்கையில் விழுந்த பிறகு கிரேஸி வந்து கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள வீட்டுக்கு ஒரு மத்தியானம் போனேன். ஈரல் கெட்டுவிட்டது. வயிறு பானைபோல வீங்கி, கை கால் குச்சியாகி, கண் மஞ்சளாகக் கிடந்தார். வலிக்குக் கொடுக்கிற மருந்தில் ஒரு துளி கூடினாலும் நாள் முழுக்க நினைவில்லாமல் கிடப்பார் என்றாள் கிரேஸி. அன்று நினைவு இருந்தது.

"அண்டி ஆபீஸ் பூட்டியாச்சு தங்கம்மா" என்றார். "தல்ல ஆள் இல்ல. உள்ளே வந்தது எல்லாம் குவிஞ்சு கிடக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பஸ்ஸும் போச்சு. மருந்தைப் பிடிச்சு உக்கார வைக்கற சத்தை ஈரல்தான் செய்யும். இப்போ அது இல்ல. சீட்டே இல்லாத பஸ். ஏறினது எல்லாம் நின்னுட்டு இருக்கு. அதான் ஒரு துளிக்கே ஆளை அடிச்சுப் போடுது."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். கிரேஸி வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னும் பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

எதை என்று நான் கேட்கவில்லை.

"ஆமா. விடல்ல."

சாகக் கிடக்கிறவரிடம் இப்படியா சொல்வது என்று கிரேஸி என்னை முறைத்தாள். டாக்டர் சிரித்தார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"விட்டுடாதீங்க. பிடிச்சு வச்சிருக்கற வரைக்கும் அது யாரையும் ஒண்ணும் செய்யாது. விட்டாத்தான் வேலை செய்யும்."

அதுதான் நான் அவரிடம் கடைசியாகக் கேட்ட பேச்சு. கையைப் பிடித்தேனா என்று நிஷா கேட்டாள். பிடிக்கவில்லை. ஆனால் அவர் தூங்கும்வரை எழுந்து வரவும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டு. ஒன்று, என் கோபம். அதை அவர் சொன்னபடியே பிடித்து வைத்திருக்கிறேன். என்னோடு சேர்ந்தே எரியட்டும். மற்றது அந்தக் கேள்வி. அது பாதி அவருடையது, பாதி என் சுகந்தியுடையது. இரங்கல் கூட்டத்தில் சிரித்தவர்களில் பலர் அந்த மாத்திரையைத் தின்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். மழை இன்னும் விடவில்லை. உங்களைக் கேட்க இனி அங்கே ஆள் இல்லை. அதனால் நான் கேட்கிறேன். சிரிக்காமல் யோசித்து, இனி உங்களுக்கு மாத்திரை எழுதுகிறவர் யாரோ அவரிடம் போய்ப் பதிலைச் சொல்லுங்கள்.

கர்க்கடகத்தில் முருங்கை இலை தின்னுவியளா?